ஒரு தட்டு பாஸ்தாவுக்குள் எத்தனை வார்த்தைகள்!

"இதுக்கெல்லாம் தமிழ்ல வார்த்தையே இல்லடா." லேப், கேன்டீன், ப்ராஜெக்ட் ரிவ்யூ என்று எங்கே போனாலும் காதில் விழும் வசனம் இது. இங்கிலீஷில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியா பெயர் இருக்கு, தமிழ்தான் திணறுது என்று ஒரு நினைப்பு. அது உண்மையா என்று பார்க்க, ராத்திரி சாப்பாட்டுக்கு ஒரு க்ரீமி சிக்கன் பாஸ்தா செய்தாலே போதும்.

முதலில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, உப்பு போட்டு, பாஸ்தாவைப் போடுங்க. இத்தாலிய மொழியில் 'பாஸ்தா' என்றால் பிசைந்த மாவு, அவ்வளவுதான். நாம ஒட்டுற பேஸ்ட்டும் பேக்கரி பேஸ்ட்ரியும் இதோட சொந்தக்காரங்க. குழாய் மாதிரி, முனை சாய்வாக வெட்டிய வகைக்குப் பெயர் 'பென்னே'. லத்தீனில் 'பென்னா' என்றால் இறகு. அந்தக் காலத்தில் இறகின் முனையைச் சாய்வாகச் சீவித்தானே எழுதினாங்க? இங்கிலீஷ் 'பென்' வந்தது அந்த இறகிலிருந்துதான். போர்ச்சுகீசியர் வழியாக நம்ம ஊருக்கு வந்த 'பேனா'வும் அதே இறகுதான். சேமியா பாக்கெட்டில் போட்டிருக்கும் 'வெர்மிசெல்லி'க்கு அர்த்தம் குட்டிப் புழுக்கள். பாயசம் குடிக்கும்போது இதை மறந்துடுங்க.

அடுத்து, கடாயில் ஆலிவ் எண்ணெய். எள் + நெய் = எண்ணெய். அதாவது எள்ளுக்கு மட்டும் இருந்த பெயரை இன்று எல்லா எண்ணெய்க்கும் சொல்கிறோம். இங்கிலீஷ் என்ன பண்ணியது? 'ஆயில்' என்ற சொல்லின் மூலம் லத்தீனின் 'ஓலியம்'. அது ஆலிவ் எண்ணெயின் பெயர். ஆக, நாம 'தேங்காய் எண்ணெய்' என்றால் உள்ளே எள் இருக்கு, அவங்க 'கோகனட் ஆயில்' என்றால் உள்ளே ஆலிவ் இருக்கு!

எண்ணெய் காய்ந்ததும் நறுக்கிய பூண்டு. 'கார்லிக்' என்பதில் உள்ள 'கார்' பழைய ஆங்கிலத்தில் ஈட்டி. பின்பாதி, வெங்காயக் குடும்பத்துச் செடிகளின் பெயர். சின்னதாக வெட்டிய சிக்கனைப் போட்டு நன்றாக வேகவிடுங்க. பிறகு அடுப்பைக் குறைத்து க்ரீம் ஊற்றுங்க. பாஸ்தா வெந்த தண்ணீரில் ஒரு கரண்டி சேர்த்தால், அதிலுள்ள ஸ்டார்ச் சாஸைப் பாஸ்தாவோடு ஒட்ட வைக்கும்.

கடைசியில் மிளகுத்தூள். எனக்கு ரொம்பப் பிடித்த கதை இதுதான். 'பெப்பர்' பார்க்க இங்கிலீஷ் மாதிரி இருந்தாலும், லத்தீன், கிரேக்கம் வழியாகப் பின்னால் போனால் 'பிப்பலி'யில் போய் நிற்கும். அது திப்பிலியின் சமஸ்கிருதப் பெயர். திப்பிலியின் பெயர் மிளகுக்குப் போனது. 1492-க்குப் பிறகு ஐரோப்பியர்கள் அமெரிக்காவில் மிளகாயைப் பார்த்தாங்க. காரமா இருக்கே என்று, செடிக்குத் துளியும் சம்பந்தம் இல்லாவிட்டாலும், அதையும் 'பெப்பர்' என்றாங்க. போர்ச்சுகீசியர் அதே மிளகாயை இந்தியாவுக்குக் கொண்டு வந்தபோது தமிழ் என்ன செய்தது? மிளகு + காய் = மிளகாய்!

இரண்டு மொழிக்கும் ஒரே புதுப் பொருள் வந்தது. இரண்டுமே கையில் இருந்த பழைய வார்த்தையை எடுத்துக் கொஞ்சம் நீட்டிக்கொண்டன. கம்ப்யூட்டர் மவுஸுக்கு எலியின் பெயரை வைத்ததும் இதே வித்தைதான். பேனா மாதிரி சிலதைக் கடன் வாங்கிக்கொள்வதும் எல்லா மொழிக்கும் பழக்கம்தான்.

அதனால், தமிழில் வார்த்தை இல்லை என்று சொல்வதற்கு முன்னால் ஒரு நிமிஷம் யோசிங்க. அந்தப் பொருள் எதைப் போல இருக்கு? என்ன வேலை செய்யுது? இந்த இரண்டு கேள்வியில் பாதி வார்த்தை கிடைத்துவிடும். மீதியை நண்பர்களோடு உட்கார்ந்து யோசிக்கலாம். ஆனா முதல்ல சாப்பிடுங்க, பாஸ்தா ஆறிடும்.