ஒரு 'யு' படுத்திய பாடு!

தென்காசியில் பஸ் ஏறினால் குற்றாலம் ஐந்து கிலோமீட்டர்தான். ஜன்னலோரம் உட்கார்ந்து ஆங்கில போர்டுகளைப் படித்துக்கொண்டே போனேன். ஒருத்தர் வெள்ளைக்காரன் விட்டுப்போன 'கோர்ட்டல்லம்'. இன்னொருத்தர் காதில் விழுந்தபடியே 'குற்றாலம்'. மூன்றாமவர் நடுவில் இரண்டு 'டி' போட்டிருக்கிறார். அதைக் 'குத்தாலம்' என்றும் படிக்கலாம். மாயவரம் பக்கத்தில் நிஜமாகவே ஒரு குத்தாலம் இருக்கிறது சார்! அங்கே போய் அருவியைத் தேடினால் என்ன ஆவது?

குளிக்க வருகிறவனுக்குக் கவலையில்லை. சாரல் முகத்தில் அடித்ததும் இறங்கிவிடுவான். கம்ப்யூட்டருக்குச் சாரல் தெரியாதே!

சீஸனுக்கு லீவில் வந்திருந்த நண்பரிடம் இதைச் சொன்னேன். சென்னையில் டேட்டாபேஸ் எழுதுகிற கம்பெனியில் வேலை. தலையில் எண்ணெய் வழிய, "சிரிக்காதீய அண்ணாச்சி, ஒரு 'யு'வால எனக்கு ஒரு ராத்திரி போச்சு" என்றார்.

புரோகிராமுக்கு நடுவே, அடுத்தவன் படித்துப் புரிந்துகொள்ள எழுதிவைக்கிற குறிப்புதான் கமெண்ட். கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளாது. இவர்கள் கமெண்டில் 'பிஹேவியர்' என்ற வார்த்தை பாதி இடத்தில் லண்டன்காரன் மாதிரி 'யு' போட்டு, மீதியில் அமெரிக்காக்காரன் மாதிரி 'யு' இல்லாமல். ஒரு விதியை மாற்றியபோது, 'யு' இல்லாததைத் தேடி அந்தக் குறிப்புகளை மட்டும் திருத்திவிட்டார்கள். 'யு' உள்ளவை பழைய விதியையே சொல்லிக்கொண்டு நின்றன. புதுசாகச் சேர்ந்த பையன் அதை நம்பி எழுதினான். அப்புறம் என்ன, சிவராத்திரிதான்!

உலகம் முழுக்கப் புழங்கும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் 'அனலைஸ்' என்று ஒரு கட்டளை. 'இசட்' போட்டாலும் சரி, 'எஸ்' போட்டாலும் சரி, ஏற்றுக்கொள்ளும். பெரிய மனசு! ஆனால் கமெண்டில் தேடும்போது அந்தச் சலுகை கிடையாது. எந்த எழுத்தைத் தட்டினீர்களோ அதுதான் வரும்.

"அப்ப எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்திட வேண்டியதுதானே?"

"அங்கதான் இருக்கு வில்லங்கம்!"

போஸ்ட்கிரெஸின் ஒவ்வொரு பெரிய பதிப்பையும் 5 வருஷம் பராமரிக்கிறார்கள். அதனால் ஒரே சமயத்தில் பல பதிப்புகள் உயிரோடு இருக்கும். புதியதில் மட்டும் கமெண்டைத் திருத்தினால், பின்னால் அதே இடத்தில் ஒரு நிஜமான கோளாறைச் சரிசெய்து பழைய பதிப்புகளுக்குக் கொண்டுபோகும்போது வரிகள் பொருந்தாமல் இடிக்கும். ஆகவே ஒரு எழுத்துத் திருத்தத்துக்கும் யோசனை வேண்டியிருக்கிறது.

கமெண்டையாவது திருத்தலாம். பெயரில் விழுந்த தப்பு ஆயுள் தண்டனை! இன்டர்நெட்டில் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறீர்கள் என்று சொல்லும் 'ரெஃபரர்' என்ற சொல்லில் ஒரு 'ஆர்' விட்டுப்போய், 1996-ல் வெளியான விதிமுறையிலேயே ஏறிவிட்டது. இன்றைக்கும் அப்படியேதான் ஓடுகிறது.

நம் சர்க்காரும் முயன்றது. 2020 ஜூனில் 1018 ஊர்களின் ஆங்கில எழுத்தை மாற்றி அறிவிப்பு வந்தது. கோயம்புத்தூருக்கும் வேலூருக்கும் வந்த புது எழுத்துகளைப் பார்த்து ஊரே சிரித்தது. சில நாளிலேயே வாபஸ்!

திரும்புகிற பஸ்ஸில் நண்பர் ஒரு போர்டைப் பார்த்துவிட்டு, "இதுல ஒரு 'எல்' குறையுது" என்றார். லீவில் வந்த மனுஷன்!