அணைய மறுக்கும் கணிப்பொறி

மின்விளக்கின் விசையை மேலே தட்டினால் விளக்கு அணைந்துவிடும். கணிப்பொறி அப்படிப்பட்டதன்று. நாம் அணைக்கச் சொன்னாலும், அது தன் வேலைகளை முடித்துக்கொண்டுதான் அணையும். சில பழைய கணிப்பொறிகள் "அணைந்துகொண்டிருக்கிறது" என்று திரையில் காட்டிவிட்டு, மணிக்கணக்கில் அப்படியே நிற்கும்!

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பகுதிகளில் நம் தோழியர் பலரின் தாய்மார் காலணி தைக்கும் வேலைக்குச் செல்கின்றனர். ஒரு சிறு பட்டறையின் கூலிக் கணக்கு முழுவதும் ஒரே பழைய கணிப்பொறியில் இருக்கக்கூடும். பொறுமையிழந்து யாரேனும் பிளக்கைப் பிடுங்கினால், சனிக்கிழமைச் சம்பளம் யாருக்கு எவ்வளவு என்பதே தெரியாமல் போகலாம்.

இதற்குக் காரணம் யாது? ஆசிரியை மதிப்பெண்களை முதலில் துண்டுத்தாளில் குறித்துக்கொண்டு, பிறகு பதிவேட்டில் ஏற்றுவார் அல்லவா? கணிப்பொறியும் அவ்வாறே. நாம் தட்டச்சு செய்தவற்றுள் சில, தற்காலிக நினைவகத்திலேயே காத்திருக்கும். அணைக்கும் ஆணை கிடைத்ததும், திறந்திருக்கும் ஒவ்வொரு புரோகிராமையும் மூடச் சொல்லி, காத்திருப்பவற்றை ஹார்ட் டிஸ்க்கில் எழுதி, பிரிண்டர் போன்ற கருவிகளை ஓட்டும் டிரைவர்களை நிறுத்தி, கடைசியாகவே பவர் சப்ளைக்குச் சைகை அனுப்புகிறது. இவற்றுள் ஒன்று பதில் சொல்லாவிட்டாலும் போதும், எல்லாம் நின்றுவிடும்.

மிகப் பழையவை சிலவற்றில் இது நோயே அன்று. 1995-இல் இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். என்னும் அமைப்பை வெளியிட்டது. அதற்கு முந்திய ஏ.டி. வகைப் பெட்டிகள் தாமாக அணையமாட்டா. "இனி அணைக்கலாம்" என்ற எழுத்து திரையில் தோன்றியதும், நாமே விசையை அமுக்க வேண்டும். இதை அறியாமல் மெக்கானிக்கை அழைத்தால் வீண் செலவுதான்.

இத்தொல்லைக்குப் பேர்போனது 1999-இல் வந்த விண்டோஸ் 98-இன் இரண்டாம் பதிப்பு. அதற்கெனவே மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தனித் திருத்தம் ஒன்றை வெளியிட நேர்ந்தது. அதிலுள்ள "வேக அணைப்பு" வசதியை நிறுத்திவைத்தால் சில கணிப்பொறிகள் ஒழுங்காக அணைந்தன. அவசரத்திற்கென்று செய்த வசதியே தாமதத்திற்குக் காரணமானது வேடிக்கைதான்! விண்டோஸ் எக்ஸ்.பி.யில் வேறொரு விந்தை: அணைத்ததும் மறுபடியும் உயிர் பெறும். அணையும்போது பிழை ஏற்பட்டால் தானாகத் தொடங்கும்படி அதில் ஓர் ஏற்பாடு உண்டு. அதை நீக்கினால், பிழை இன்னதென்று நீலத்திரையில் படித்தறியலாம்.

அணையாமல் நின்றால் முதலில் சில நிமிடங்கள் பொறுத்திருப்போம். பெட்டியிலுள்ள சிறு விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தால், டிஸ்க்கில் இன்னும் எழுதுகிறது என்று பொருள். அப்போது தொடவே கூடாது. பிறகு கண்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அழுத்தி, பதில் தராத புரோகிராமை முடிப்போம். அடுத்த முறை பென் டிரைவ், பிரிண்டர் ஆகியவற்றைக் கழற்றிவிட்டுப் பார்ப்போம். சேஃப் மோடில் தொடங்கினால் ஒழுங்காக அணைகிறதா? அப்படியானால் குற்றம் ஏதோவொரு டிரைவரிலோ கூடுதல் புரோகிராமிலோதான் பெரும்பாலும் இருக்கும்.

கடிகாரம் பழைய தேதியைக் காட்டினால் உள்ளேயிருக்கும் பொத்தான் போன்ற பேட்டரியைக் கவனிக்க வேண்டும். கோடை விடுமுறையில் பிளக்கைக் கழற்றிவைத்திருக்கும்போது, கடிகாரத்தை ஓட்டுவது அந்தப் பேட்டரியே. அது தீர்ந்தால் பயாஸ் அமைப்புகள் மாறிவிடும். அவற்றுள் தானாக அணைவதற்கான அமைப்பும் ஒன்று.

நம் ஊர்களுக்கே உரிய சங்கடமும் ஒன்றுண்டு. தோலிலிருந்து மயிரை நீக்கச் சுண்ணாம்புடன் சோடியம் சல்பைடு சேர்ப்பர். அதிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு, வெள்ளியையும் செம்பையும் கறுக்கச் செய்யும். பட்டறையை ஒட்டிய அறையில் கணிப்பொறியை வைத்தால், அதன் இணைப்புகளும் கெடக்கூடும். சன்னலை மூடி, தூசியைத் துடைத்து வைப்பது நல்லது.

எதற்கும் இணங்காவிடில், ஏ.டி.எக்ஸ். கணிப்பொறியின் பொத்தானை நான்கு விநாடிகளுக்கு மேல் அழுத்திப் பிடிப்போம், அணைந்துவிடும். அடுத்துத் தொடங்கும்போது டிஸ்க்கைச் சோதிக்கும் புரோகிராம் ஓடினால், இடையில் நிறுத்தாமல் விட்டு, முடிந்தவுடன் கணக்குகளை வேறோர் இடத்தில் நகலெடுத்துக்கொள்ள வேண்டும். பெட்டியைத் திறக்க நேர்ந்தால், அணைந்தது போல் தோன்றினாலும் உள்ளே 5 வோல்ட் மின்சாரம் இருந்துகொண்டேயிருக்கும். ஆகவே பிளக்கைக் கழற்றிய பிறகே மூடியில் கை வைப்போம்.