பின்கட்டுக்கு ஒரு எட்டு!

செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வாருங்கள். சத்தம் கூடாது. உள்ளே சிறுகதைப் போட்டிக்கு வந்த கதைகளைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள்!

ஒன்பது வருஷமாக இந்த வீட்டின் திண்ணையைத் தாண்டாதவள் நான். கதை அனுப்புவேன், அதோடு சரி, கிணற்றில் போட்ட கல். போன மாதம் ஒரு சிற்றிதழ்க்காரர் போனில் கூப்பிட்டார். "முதல் சுற்றுக்கு ஆள் பத்தலம்மா. இந்தத் தடவை நீ கதை அனுப்பலையே? அப்ப வந்து படிச்சுக் கொடு." எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பரிசே கிடைத்திருந்தாலும் அப்படிக் குதித்திருப்பேனா, சந்தேகம்தான்.

தேக்கு மேஜை, தங்க பிரேம் கண்ணாடி, நரைத்த மீசை என்றெல்லாம் கற்பனை செய்து வைத்திருந்தேன். இருந்ததோ ஒரு மொட்டைமாடி அறை, நாலு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு ஃபிளாஸ்க் டீ, முந்நூற்றுச் சொச்சம் கதைகள். பெயரும் முகவரியும் உள்ள தாளை உருவிவிட்டு எண் போடுவதுதான் முதல் வேலை. "இனிமே எல்லாரும் நம்பர்தான்" என்றார் சிற்றிதழ்க்காரர். ஒரு கதையை இரண்டு பேர் படித்து, ஆளுக்குப் பத்துக்கு மார்க் போட வேண்டும். தேறும் இருபது மட்டும் நடுவரின் வீட்டுக்குப் போகும்.

அடடா, அந்தக் கடைசி நாள் இரவு வந்த மெயில்களைப் பார்க்க வேண்டுமே! 11.58-க்கு ஒன்று: 'கதையை இணைத்துள்ளேன்.' கதை இல்லை. 12.03-க்கு இன்னொன்று: 'மன்னிக்கவும், இணைக்க மறந்துவிட்டேன்.' அறையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. நானும் அனுப்பியிருக்கிறேன், அதே மெயில். இன்னொருவர் யூனிகோடுக்கு மாற்றாமல் பழைய எழுத்துருவிலேயே அனுப்பிவிட்டார். திறந்தால் பூச்சி பூச்சியாக ஆங்கில எழுத்துகள். அதைத் தமிழாக்க ஒருவர் அரை மணி நேரம் மல்லுக்கட்டினார். "தூக்கிப் போட மனசு வரல" என்றார்.

பதினொரு மணிக்குள் ஆறு முதியோர் இல்லங்களுக்குப் போய் வந்துவிட்டேன். எல்லா இல்லத்திலும் ஒரு தாய், வாசலில் மகனின் கார், கடைசிப் பத்தியில் கண்ணீர். நாலு கதைகளில் அலாரம் அடித்துக் கதாநாயகன் எழுந்தான். மூன்றில் எல்லாமே கனவு. எனக்குக் காது சூடானது. என் முதல் போட்டிக் கதையில் அலாரமும் உண்டு, முதியோர் இல்லமும் உண்டு. கனவை மட்டும் எப்படியோ விட்டிருந்தேன்.

டீ வந்ததும் பேச்சு பழங்கதைக்குத் திரும்பியது. 1966-ல் கல்கி இதழின் வெள்ளிவிழா நாவல் போட்டியில் முதல் பரிசு வாங்கியது உமாசந்திரனின் 'முள்ளும் மலரும்'. அதை மகேந்திரன் 1978-ல் படமாக்கியது ஊரறிந்த கதை. "அதுவும் ஒரு நாள் இப்படி ஒரு கட்டுக்குள்ளதானே கிடந்திருக்கும்?" என்றார் ஒருவர். எனக்குச் சிலிர்த்துவிட்டது. 1970-ல் தொடங்கிய இலக்கியச் சிந்தனை அமைப்பு இன்னும் வேடிக்கை. பத்திரிகைகளில் வந்த கதைகளைப் படித்து, மாதம் ஒன்றாகச் சிறந்த கதையை அவர்களே தேர்ந்தெடுத்தார்கள். விண்ணப்பமே போடாமல் பரீட்சை எழுதிப் பாஸாவது மாதிரி!

அப்படியே கதை எழுதக் கற்றுக்கொடுக்கும் பட்டறையின் பின்கட்டையும் காட்டிவிடுகிறேன். எழுத்தாளர் ரா.கி.ரங்கராஜன் தபாலிலேயே கதை எழுதச் சொல்லிக்கொடுத்த காலம் உண்டு. தபாலில் நம் முகம் தெரியாது, தப்பித்தோம். நான் போன இரண்டு நாள் பட்டறையில் ஒரே ஒரு விதி: உன் கதையை மற்றவர்கள் அலசும்போது நீ வாயைத் திறக்கக் கூடாது. இருபது நிமிஷம் எண்ணெய்ச் சட்டியில் வடையாகக் கிடந்தேன். ஓர் அக்கா பென்சிலை எடுத்து என் முதல் பக்கம் முழுவதையும் குறுக்கே அடித்தார். "கதை இங்கதான் ஆரம்பிக்குது, கண்ணு." பார்த்தால், ஆமாம்! மத்தியானம் தயிர்சாதத்துக்குப் பிறகு நடந்த அமர்வில் பாதிப் பேர் தூங்கினோம். உண்மையான வகுப்பு நடந்தது எதிர்ப்பக்க டீக்கடை பெஞ்சில்தான்.

சரி, மாடி அறைக்கு வாருங்கள். எண் 147-க்கு நேரம் வந்தது. ரேஷன் கடையில் எடை போடுகிறவரைப் பற்றிய கதை. வீட்டில் மனைவி அரிசி அளக்கும்போதும் அவர் கண் தராசு முள்ளைத் தேடுகிறது. அவ்வளவுதான் கதை. நான் ஒன்பது போட்டேன். எதிர் நாற்காலிக்காரர் நாலு.

"முடிவே இல்லையேம்மா!"

"முடிஞ்சாத்தான் சார் கெட்டுப்போகும்!"

அவர் கதையைப் பிடுங்கி மறுபடி படித்தார். நான் ஒரு பத்தியை உரக்க வாசித்துக் காட்டினேன். டீ ஆடை கட்டிவிட்டது. கடைசியில் அவர் நாலை அடித்துவிட்டு ஏழு போட்டார். 147 நடுவரின் வீட்டுக்குப் போனது. அங்கே பரிசு விழவில்லை.

அதை எழுதியவர் ஆணா பெண்ணா, எந்த ஊர், எதுவும் எனக்குத் தெரியாது. இந்நேரம் எங்கேயோ உட்கார்ந்து, கிணற்றில் போட்ட கல் என்று அலுத்துக்கொண்டிருப்பார். கல் விழுந்த சத்தம் கிணற்றுக்குள் இருந்த எனக்கல்லவா கேட்டது! அவர் கதைக்காக இரண்டு பேர் முக்கால் மணி நேரம் சண்டை போட்டோம் என்று யார் போய்ச் சொல்வது?

வீட்டுக்கு வந்ததும் பாதியில் நின்றிருந்த என் கதையைத் திறந்தேன். முதல் வரியில் அலாரம் அடித்தது. அணைத்தேன். அடுத்த போட்டிக்குக் கடைசித் தேதி வர இன்னும் 12 நாள் இருக்கிறது.