இருட்டு அடுப்பங்கரைக்கு வெளிச்சம்

பகல் பதினோரு மணிக்கே விளக்கைப் போட்டுக்கொண்டுதான் காய் நறுக்குகிறீர்களா? அப்படியானால் நீங்களும் எங்களைப் போலத் தியாகராய நகர்வாசியாக இருக்கலாம்! தெருவில் வெளிச்சத்துக்குக் குறைவில்லை. பாண்டி பஜாரில் 2019ல் அகல நடைபாதை போட்டார்கள். ராத்திரியிலும் ஜகஜ்ஜோதியாக இருக்கிறது. அதற்குப் பின்னால் நாலு வீடு தள்ளி, நாம் பாதி நாளைக் கழிக்கிற அடுப்பங்கரை மட்டும் குகை மாதிரி.

இந்தப் பேட்டை ஆதியில் இப்படி இல்லை. 1920களில் மாம்பலம் ஏரி இருந்த இடத்தில் மனை போட்டபோது, தோட்டமும் கிணறுமாகத் தனித்தனி வீடுகளாகத்தான் கட்டினார்கள். சமையலறை பின்கட்டில் இருக்கும். விறகுப் புகை சுவரைக் கறுப்பாக்கினாலும், கொல்லைக் கதவைத் திறந்தால் வெயில் உள்ளே வரும். பிறகு ஒவ்வொன்றாக இடித்து ஃப்ளாட் எழுப்பினார்கள். ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நல்ல ஜன்னல். நமக்கு, குழாய் இறங்குகிற சந்தைப் பார்த்த ஜன்னல். சமையலறைக்கு 1 சதுர மீட்டருக்குக் குறையாத ஜன்னல் வேண்டும், அது திறந்தவெளியைப் பார்க்க வேண்டும், குழாய்ச் சந்தைப் பார்க்கக் கூடாது என்று தேசியக் கட்டட விதித் தொகுப்பு சொல்கிறது. சொல்லி என்ன? கட்டின வீட்டில்தானே நாம் குடியிருக்கிறோம்!

செலவில்லாத வேலையிலிருந்து ஆரம்பிப்போம். ஜன்னல் கொசுவலையைக் கழற்றிப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்து பாதிக் கண்கள் அடைத்திருக்கும். வெந்நீரில் கொஞ்சம் சோப்புத் தூளும் சோடா மாவும் கரைத்து அரை மணி ஊற வைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். ஜன்னல் விளிம்பில் ஊறுகாய் ஜாடி, காலி பாட்டில், ஹார்லிக்ஸ் டப்பா என்று அணிவகுத்திருப்பதை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். ஜன்னலுக்கு மேலே பரண் இருந்தால், அதிலிருந்து தொங்குகிற சாக்குமூட்டைகளையும் உள்ளே தள்ளுங்கள். இதற்கே அறை ஒரு சுற்று வெளுத்துவிடும்.

அடுத்தது சுவர். நல்ல வெள்ளைச் சுவர், தன்மேல் விழுகிற வெளிச்சத்தில் நூற்றுக்கு 80 பங்கைத் திருப்பிக் கொடுக்கும். அடர்ந்த பச்சையோ அரக்கோ 20 பங்குகூடத் தராது. ‘அழுக்குத் தெரியாது’ என்று அடர்நிறம் அடிக்கச் சொல்வார்கள். அழுக்கு தெரியத்தான் வேண்டும், தெரிந்தால்தானே துடைப்போம்? கூரைக்கு வெள்ளை, சுவருக்கு வெள்ளையோ வெளிர்மஞ்சளோ அடியுங்கள். டிஸ்டெம்பரைத் துடைத்தால் கையோடு வந்துவிடும்; கழுவக்கூடிய எமல்ஷன்தான் சமையலறைக்குச் சரி.

நம் பக்கத்தில் வெளிச்சத்தை விழுங்குகிற பெரிய ஆசாமி கடப்பா கல். மேடையும் கடப்பா, ஷெல்ஃபும் கடப்பா, எல்லாம் கறுப்பு! மேடையை மாற்ற வேண்டாம். வெள்ளைக் கல்லில் மஞ்சள் கறை பட்டால் அதோடு மல்லாட வேண்டும். ஷெல்ஃப் தட்டுகளின் அடிப்பக்கத்துக்கு வெள்ளை எனாமல் பெயின்ட் அடித்து, மேல்பக்கத்தில் வெளிர்நிற ஷீட் விரித்தாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

இன்னொரு யோசனை, இதற்கு அக்கம்பக்கத்தாரின் தயவு வேண்டும். சமையலறை ஜன்னலுக்கு எதிரே சந்தின் சுவர் பாசி படிந்து கறுத்திருக்கும். அதைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்தால், மேலிருந்து இறங்குகிற வெளிச்சம் அந்தச் சுவரில் பட்டு உங்கள் ஜன்னலுக்குள் திரும்பும். கீழ்த்தள வீட்டுக்காரருக்குத்தான் லாபம் அதிகம். அவரை முன்னால் விட்டு அசோசியேஷனில் பேசச் சொல்லுங்கள்! வாடகை வீடானால் வீட்டுக்காரரிடம் கேட்கவும் இது சுலபம், ஒன்றையும் உடைக்க வேண்டியதில்லை.

வடக்குப் பார்த்த ஜன்னலுக்கு வெயிலே வராது என்று நினைக்காதீர்கள். சென்னையில் சித்திரை பிறந்து பத்து நாள் போனதிலிருந்து ஆடி முடியும்வரை நடுப்பகல் சூரியன் நம் தலைக்குச் சற்று வடக்கேதான் நிற்கிறது. எதிரே கட்டடம் மறைக்காவிட்டால் அந்த மாதங்களில் உங்களுக்கும் பங்கு உண்டு. இன்னும் ஓட்டு வீட்டில் இருப்பவர்கள் பாக்கியசாலிகள். இரண்டு மண் ஓட்டை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடு பதித்தால் தீர்ந்தது. மழைக்கு முன் விளிம்பில் கசிவு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விளக்கு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். எங்கள் மாடி வீட்டு மாமிக்கு எழுபது தாண்டிவிட்டது. அரிவாள்மணையில் அடிக்கடி விரலை வெட்டிக்கொள்வார். கீரையில் புழு தப்பிவிடும், அரிசியில் கல் நிற்கும். “அம்மாவுக்குக் கை தடுமாறுது, இனிமே அடுப்படிப் பக்கமே வர வேண்டாம்” என்று பிள்ளையும் மருமகளும் தீர்மானித்துவிட்டார்கள். மாமி வாயைத் திறக்கவில்லை. ஆனால் இரண்டு வாரமாகச் சரியாகச் சாப்பிடவும் இல்லை. கண் டாக்டரிடம் காட்டினார்கள். புரை பெரிதாக இல்லை, வெளிச்சம் அதிகம் வேண்டும் என்றார். உண்மைதான். இருபது வயதுக்காரருக்குப் போதுமான வெளிச்சத்தைப் போல அறுபது வயதுக்காரருக்கு இரண்டு மூன்று மடங்கு வேண்டியிருக்கிறது. மாமி வீட்டில் ட்யூப்லைட் இருந்தது முதுகுக்குப் பின்னால்! மேடை முன் நின்றால் அவருடைய நிழலே காயின்மேல் விழும். ஷெல்ஃபின் அடியில், முன் விளிம்பை ஒட்டி 10 வாட் எல்.இ.டி. பட்டை ஒன்று போட்டார்கள். மாமி இப்போது கீரை ஆய்கிறார், ரசமும் அவர் கைப்பக்குவம்தான்.

பழைய 40 வாட் ட்யூப் சோக்கோடு சேர்த்து 50 வாட்டுக்கு மேல் இழுக்கும். 20 வாட் எல்.இ.டி. ட்யூப் அதே வெளிச்சம் தரும். தினம் ஆறு மணி நேரம் எரித்தால், இரண்டு மாத பில்லில் 12 யூனிட் போல மிச்சம். வாங்கும்போது அட்டையில் போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். 6500 கெல்வின் என்றால் நீலம் பாய்ந்த வெள்ளை. வெங்காயம் பொன்னிறமாகிவிட்டதா, கருகப்போகிறதா என்று புரியாது. 4000 இருந்தால் நல்லது. சி.ஆர்.ஐ. என்ற எண் 80க்கு மேல் இருக்கட்டும், 90 கிடைத்தால் விடாதீர்கள். நிறங்களை நிஜமாகக் காட்டும்.

பட்டை விளக்கை அடுப்புக்கு நேர் மேலே வேண்டாம், ஆவியும் எண்ணெயும் ஏறும். தொட்டிக்கு அருகிலும் வேண்டாம். எலெக்ட்ரீஷியனை வைத்தே மாட்டுங்கள். மாதம் ஒருமுறை சுவிட்சை அணைத்து, சூடு ஆறியபின், ஈரம் பிழிந்த துணியால் துடைத்து உலர்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள்.