தாதரில் எஞ்சிய ஜூரி

மும்பை தாதர் பார்ஸி காலனியின் மரநிழலில் மாலை உலாவும் முதியவரைக் காணுந்தோறும், இவர் நீதிபதியின் அருகமர்ந்து பிறர் இல்லறத்தின் கதியை நிர்ணயித்தவராக இருப்பாரோ என்று எனக்குத் தோன்றும். 1959இல் நானாவதி கொலை வழக்கின் ஒன்பது ஜூரர்களுள் எண்மர் 'குற்றவாளியல்லர்' என்றுரைக்க, அதை ஏற்காத செஷன்ஸ் நீதிபதி வழக்கை ஹைகோர்ட்டுக்கு அனுப்பியதும், 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமே இல்லாது போனதும் பலர் அறிந்தவை. ஆயினும் 1936ஆம் ஆண்டுப் பார்ஸி விவாகச் சட்டப்படி, விவாகரத்து வழக்கின் மெய்பொய்யை ஆராய, அச்சமூகத்தார் ஐவர் 'டெலிகேட்'டுகள் என்ற பெயரில் இன்றும் அமர்கின்றனர். பத்தாண்டுக்கு நியமனம் பெறும் இவர்கள், அழைப்பு வந்த நாளில் சொந்த அலுவலை ஒதுக்கிவிட்டு, தாதர் ஸ்டேஷன் நெரிசலில் ரயிலேறி ஹைகோர்ட் இருக்கும் கோட்டைப் பக்கம் போக வேண்டும். அங்கே கேட்கப்போவதோ, சிறிய சமூகமல்லவா, தெரிந்த வீட்டுச் சங்கதியாகவும் இருக்கலாம்.