காமிராவின் மேல் குற்றமா?

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அப்பழமொழியின் பொருளை இவ்வாண்டு எங்களுக்குக் கற்பித்தது ஒரு காமிரா. அது எப்படி என்பதை இங்கே விளக்க விரும்புகிறோம்.

சென்ற ஆண்டு மார்ச் மாதத்தில் நம் பள்ளியின் ஆயாம்மா ஓய்வு பெற்றார்கள். காலை மணி முதல் மாலை மணி வரை நம்மையெல்லாம் நடத்தியது அவர்கள் கைமணிதான் அல்லவா? பிரிவுபசார நாளன்று, வேப்பமரத்தடியில் வெள்ளை உடையணிந்த அருட்சகோதரிகள் வரிசையாக அமர, நடுவில் ஆயாம்மா மணியுடன் நிற்க, படம் எடுக்கப்பட்டது. எடுத்தவர்கள் நாங்களே. பழைய மாணவி ஒருவர் பள்ளிக்கு அன்பளிப்பாகத் தந்த டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். காமிராவால்தான் எடுத்தோம்.

படம் வந்தது. சகோதரிகளின் முக்காடுகள் பளிச்சென்றிருந்தன. பின்னால் வெயில் விழுந்த முற்றம் பளிச்சென்றிருந்தது. பித்தளை மணியும் மின்னியது. ஆயாம்மாவின் முகம் மட்டும் இருளாக இருந்தது. கண் எது, மூக்கு எது என்று தெரியவில்லை. அதை எப்படிச் சட்டம் போட்டு அவர்கள் கையில் கொடுப்பது? கொடுக்கவில்லை. "காமிரா சரியில்லை" என்று எல்லாரும் சொன்னார்கள். நாங்களும் சொன்னோம். ஆனால் இவ்வாண்டு எங்கள் அறிவியல் ஆசிரியை, "சோதித்துப் பார்க்காமல் ஒருவரையும் குற்றவாளி என்று சொல்லக் கூடாது, காமிராவையும்தான்" என்றார்கள். எனவே சோதிக்கத் தொடங்கினோம்.

இக்காமிரா எத்தகையது?

எங்களிடம் உள்ளது 2016-ஆம் ஆண்டு இறுதியில் அறிமுகமான நிக்கான் டி 5600. எஸ்.எல்.ஆர். என்பதன் பொருள், பார்ப்பதற்கும் படமெடுப்பதற்கும் ஒரே லென்சைப் பயன்படுத்தும் காமிரா என்பதாகும். லென்ஸ் வழியே நுழையும் ஒளி, உள்ளே சாய்ந்து நிற்கும் ஒரு கண்ணாடியில் பட்டு மேலே செல்கிறது. அங்கே மற்றக் கண்ணாடிகள் அதைத் திருப்பி நம் கண்ணுக்கு அனுப்புகின்றன. பொத்தானை அழுத்தியதும் அக்கண்ணாடி மேலே எழும்புகிறது, திரை திறக்கிறது, ஒளி பின்னால் உள்ள உணரியின் மேல் விழுகிறது. நாம் கேட்கும் 'டப்' என்ற ஓசை பெரும்பாலும் அக்கண்ணாடி எழுந்து விழும் ஓசையே.

முன்பு பிலிம் சுருள் இருந்த இடத்தில் இப்போது உணரி இருக்கிறது. 1975-இல் கோடக் நிறுவனத்துப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் உருவாக்கிய முதல் டிஜிட்டல் காமிராவின் படத்தில் 10,000 புள்ளிகளே இருந்தன. ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை ஒலிநாடாவில் பதிய 23 விநாடிகள் ஆயின! 1991-இல் நிக்கான் எஃப் 3 காமிராவின் உடலில் உணரியைப் பொருத்தி, கோடக் நிறுவனம் டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். ஒன்றை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதன் பதிவுப் பெட்டியைத் தோளில் தனியே சுமக்க வேண்டும். அதில் 13 லட்சம் புள்ளிகள். எங்கள் காமிராவிலோ குறுக்கே 6,000, நெடுக்கே 4,000, ஆக 2 கோடியே 40 லட்சம் புள்ளிகள்.

புள்ளிகள் மிகுந்தால் படம் சிறந்ததா?

அப்படித்தான் நாங்களும் எண்ணியிருந்தோம். கணக்குப் போட்டுப் பார்த்தோம். நல்ல அச்சுக்கு அங்குலத்திற்கு 300 புள்ளிகள் போதும். 7 அங்குல அகலமும் 9½ அங்குல உயரமும் உள்ள முழுப்பக்கப் படத்திற்கு 2,100-ஐ 2,850-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 60 லட்சம் புள்ளிகளே தேவை. நம்மிடம் அதைப் போல் நான்கு மடங்கு இருக்கிறது. ஆகவே ஆயாம்மாவின் படம் கெட்டது புள்ளிப் பஞ்சத்தால் அன்று.

அப்படியானால் படத்தின் தரத்தை எதைக் கொண்டு அளப்பது? கூர்மை, குறைந்த ஒளியில் தெளிவு, வெளிச்சத்தையும் நிழலையும் ஒருங்கே காட்டும் ஆற்றல் ஆகிய மூன்றையும் சோதிப்பதென்று முடிவு செய்தோம். ஒவ்வொரு சோதனையிலும் ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை மாற்றாமல் வைத்தோம். ஆய்வுக்கூடத்தில் நாம் கற்ற முறை அதுதானே!

முதற் சோதனை: கூர்மை

பழைய செய்தித்தாளைச் சுவரில் விறைப்பாக ஒட்டி, மேசை மேல் காமிராவை அசையாமல் வைத்து எடுத்தோம். லென்சின் துளையை முழுதும் திறந்தபோது நடுவில் எழுத்துகள் தெளிவாகவும் மூலைகளில் சற்று மங்கியும் இருந்தன. எஃப் 8 என்ற அளவில் மூலை முடுக்கெல்லாம் படிக்க முடிந்தது. துளையை மேலும் சுருக்கினால் இன்னும் தெளியும் என்று எண்ணி எஃப் 22 வைத்தோம். மாறாக, படம் முழுதுமே மென்மையாகிவிட்டது! மிகச் சிறிய துளையின் வழியே செல்லும் ஒளி அலைகள் விளிம்பில் வளைந்து பரவுவதே காரணம் என்று ஆசிரியை விளக்கினார்கள். குறுக்கினால் கூர்மை என்பதற்கும் ஓர் எல்லை உண்டு.

இன்னொன்றும் கண்டோம். லென்சை 18 மி.மீ. அளவில் வைத்துக் கூட்டத்தை எடுத்தால், ஓரத்தில் நிற்பவர்கள் இழுத்துவிட்டாற்போல் அகலமாகத் தெரிகிறார்கள். சற்றுப் பின்னே சென்று 35 மி.மீ. அளவில் எடுத்தால் அக்குறை வெகுவாகக் குறைகிறது. ஓரத்தில் நின்ற தோழியர் இதற்காக எங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

இரண்டாம் சோதனை: குறைந்த ஒளி

மாலை ஜெபமாலைக்குப் பின் சிற்றாலயத்தில் மெழுகுவர்த்தி ஒளியில், சகோதரியின் அனுமதியுடன், மாதா சுரூபத்தைப் படம் எடுத்தோம். ஐ.எஸ்.ஓ. எண்ணை 100-இலிருந்து இரட்டித்து இரட்டித்து 25,600 வரை கொண்டு சென்றோம். எண் இரட்டிக்கும்போது பாதி ஒளியே போதும். ஆனால் அதற்கு விலை உண்டு. 1,600 வரை குறை தெரியவில்லை. 3,200-இல் ரவை தூவினாற்போல் லேசான பொரி தெரிந்தது. 6,400-இல் அது மிகுந்தது. 25,600-இல் மாதாவின் நீல மேலாடையில் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள் நிறைந்துவிட்டன.

இதன் காரணம் எளிது. மொட்டை மாடியில் நூறு டம்ளர்களை வரிசையாக வைப்போம். அடைமழை பெய்தால் எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒரே அளவு நீர் இருக்கும். நாலு தூறல் போட்டு நின்றுவிட்டால் ஒன்றில் ஐந்து துளி, பக்கத்தில் இரண்டு துளி என்று ஏற்றத்தாழ்வு தெரியும். உணரியின் ஒவ்வொரு புள்ளியும் ஒளித்துளி ஏந்தும் டம்ளர். சராசரி 100 துளி விழும் இடத்தில் ஏற்றத்தாழ்வு 10 அளவில் இருக்கும்; அது பத்தில் ஒரு பங்கு. 10,000 துளி விழும் இடத்தில் அது 100. அதாவது நூற்றில் ஒரு பங்குதான். எனவே பொரி என்பது ஒளியின் பஞ்சம். இக்காமிராவின் உணரி 23.5 மி.மீ. அகலமும் 15.6 மி.மீ. உயரமும் உடையது. பெரும்பாலான கைபேசிகளின் உணரி இதில் ஒரு சிறு பகுதியே. பெரிய முற்றத்தில் மிகுதியான மழை விழுமல்லவா? மங்கிய ஒளியில் இக்காமிரா சிறப்பதன் இரகசியம் அதுவே.

மூன்றாம் சோதனை: வெண்மையும் நிழலும்

இதுதான் வழக்கின் மையம். அதே வேப்பமரத்தடி, அதே காலை ஒன்பது மணி. மூன்று சகோதரிகள் அன்புடன் வந்து அமர்ந்தார்கள். நடுவில், எங்களுள் ஆயாம்மாவின் நிறமுடைய தோழி நின்றாள்.

காமிராவின் ஒளிமானி, தன் முன் உள்ள காட்சி எதுவாயினும் அதை நடுத்தரச் சாம்பல் நிறப் பிரகாசத்திற்குக் கொண்டுவரவே முயல்கிறது. அதற்குச் சகோதரி யார், மாணவி யார் என்று தெரியாது. வெள்ளை உடைகளும் வெயில் முற்றமும் சேர்ந்து காட்சியை நிறைத்தபோது, "ஒளி மிகுந்துவிட்டது" என்று அது முடிவு செய்து, எல்லாவற்றையும் இருட்டாக்கியது. முக்காட்டின் மடிப்புகள் அழகாக வந்தன. தோழியின் முகம் மறைந்தது. சென்ற ஆண்டின் அதே படம்!

பின்பு கூட்டல் கழித்தல் பொத்தானை அழுத்திக்கொண்டு சக்கரத்தைத் திருப்பி, ஒளியை ஒரு படி கூட்டினோம். முகம் தெரிந்தது, மடிப்புகளும் இருந்தன. இரண்டு படி கூட்டினோம். முகம் நன்றாகத் தெரிந்தது. ஆனால் முக்காடு வெறும் வெள்ளைத் தாளாயிற்று. அவ்வாறு எரிந்துபோன வெண்மையை எக்கணிப்பொறியாலும் மீட்க முடியாது. அங்கே பதிவே இல்லை.

ஆனால் இருளை மீட்கலாம். சாதாரண ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு நிறத்திற்கும் 256 படிநிலைகளே உண்டு. 'ரா' என்னும் பண்படுத்தாத கோப்பில் 14 பிட் அளவில் பதிந்தால் 16,384 படிநிலைகள் உண்டு. இருண்ட படத்தை 'ரா' கோப்பாக எடுத்துக் கணிப்பொறியில் நிழலை மட்டும் உயர்த்தியபோது, முகம் மெல்ல மெல்ல வெளிப்பட்டது. ஐ.எஸ்.ஓ. 100-இல் எடுத்ததால் பொரியும் அதிகமில்லை. எங்களுக்கு மயிர்க்கூச்செறிந்தது. காமிரா அம்முகத்தைப் பார்த்துத்தான் இருந்தது! நாம்தான் கேட்கவில்லை.

பிளாஷ் உதவாதா என்று சிலர் கேட்கலாம். காமிராவின் மேலுள்ள சிறு பிளாஷின் ஆற்றல் எண் 12. அதைத் துளையின் எண்ணால் வகுத்தால் ஒளி எட்டும் தூரம் கிடைக்கும். எஃப் 5.6 என்றால் ஐ.எஸ்.ஓ. 100-இல் சுமார் 2 மீட்டர்தான். பெரிய கூட்டத்திற்கு அது போதாது. எல்லாவற்றிலும் எளிய வழியை எங்கள் வகுப்பின் குட்டைப் பெண் ஒருத்தி கண்டுபிடித்தாள்: "எல்லாரும் திரும்பி உட்கார்ந்தால் என்ன?" வெயில் முற்றத்தைப் பார்த்து அமர்ந்து, செங்கல் சுவர் பின்னணியானபோது, ஒரு பொத்தானும் அழுத்தாமலே முகங்கள் ஒளிர்ந்தன. செலவு, ஐந்து நாற்காலிகளைத் திருப்பிய உழைப்பு மட்டுமே.

இவ்விடத்தில் ஒரு செய்தி. வண்ணப் பிலிம் காலத்தில், நிறம் சரிபார்க்கக் கோடக் நிறுவனம் படச்சாலைகளுக்கு அனுப்பிய மாதிரி அட்டையில் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியின் படமே இருந்தது. அதற்கு 'ஷர்லி அட்டை' என்று பெயர். பல நிறத்தாரும் சேர்ந்த அட்டை 1990-களில்தான் வந்தது. யாரை அளவாக வைக்கிறோமோ அவரே அழகாகத் தெரிவார். மற்றவர் முகத்தைக் காண, படமெடுப்பவர் முயல வேண்டும்.

கைக்கு இசைவாக இருக்கிறதா?

பேட்டரியும் அட்டையும் சேர்ந்து காமிராவின் எடை 465 கிராம். கூடவே வரும் லென்ஸ் 205 கிராம். பிடி ஆழமாக இருப்பதால் சிறு கைகளுக்கும் நன்றாகப் பொருந்துகிறது. இடக்கையால் லென்சைக் கீழிருந்து தாங்கினால் நடுக்கம் குறையும். திரையைத் திருப்பி மடக்கலாம். விளையாட்டு விழாவில் கூட்டத்தின் பின்னே நின்ற நாங்கள், காமிராவைத் தலைக்கு மேல் தூக்கி ஓட்டப் பந்தயத்தை எடுத்தோம். ஆனால் திரையைப் பார்த்து எடுக்கும்போது குவிவது மெதுவாக நடக்கிறது. கண்வைத்துப் பார்க்கும் துவாரத்தின் வழியே எடுத்தால் விரைவு. விநாடிக்கு 5 படங்கள் வரை எடுக்கலாம்.

குறைகளும் உண்டு. துவாரத்தில் தெரிவது படத்தின் நூற்றுக்கு 95 பங்கே. ஆகவே நாம் காணாத செருப்பு ஒன்று படத்தின் ஓரத்தில் வந்து உட்காரும். சக்கரம் ஒன்றே இருப்பதால், எல்லாவற்றையும் நாமே அமைக்கும் முறையில் விரல்கள் தடுமாறுகின்றன. சிற்றாலயத்தில் அதன் 'டப்' ஓசை ஜெபத்தைக் கலைக்கிறது. ஓசை குறைக்கும் ஏற்பாடு இருந்தும் முற்றிலும் அடங்குவதில்லை. அதில் கைபேசியே மேல். இன்று பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் கண்ணாடியில்லாக் காமிராக்களையே புதிதாக உருவாக்குகின்றன. ஆயினும் நம் பள்ளியின் தேவைக்கு இக்காமிரா இன்னும் பல்லாண்டு உழைக்கும் என்பதே எங்கள் மதிப்பீடு.

தீர்ப்பு

கடைசியாகச் சென்ற ஆண்டுக் கோப்பைத் திறந்தோம். டிஜிட்டல் படம் ஒவ்வொன்றும், தான் எடுக்கப்பட்ட விதத்தைத் தனக்குள்ளே குறித்து வைத்திருக்கும். 'பிளாஷ் தடை' என்ற நிலையில் எடுக்கப்பட்டதாக அதில் இருந்தது. அன்று காலைத் திருப்பலிக்காகச் சிற்றாலயத்தில் அப்படித் திருப்பியவர்கள் நாங்கள். பிறகு மாற்ற மறந்தவர்களும் நாங்கள். எடுத்த உடனே திரையில் பார்த்திருந்தால் அங்கேயே மீண்டும் எடுத்திருக்கலாம். பார்த்தோம், ஆனால் எங்கள் முகங்களை மட்டும் பார்த்தோம். ஓரத்தில் நின்ற நாங்கள் நன்றாக விழுந்திருந்ததால் திருப்தியடைந்து கலைந்தோம். காமிரா குற்றமற்றது.

செப்டம்பர் 8-ஆம் நாள், அன்னையின் பிறப்பு விழாவிற்கு ஆயாம்மா வந்தார்கள். சுவரைப் பின்னணியாக்கி, ஒளியை நோக்கி நிறுத்தி, மணியைக் கையில் கொடுத்து மீண்டும் எடுத்தோம். எடுத்தவுடன் அவர்கள் முகத்தைத்தான் முதலில் பெரிதாக்கிப் பார்த்தோம். அச்சிட்ட படத்தோடு பழைய படத்தையும் காட்டி, மன்னிப்புக் கேட்டோம். இரண்டையும் வெகுநேரம் பார்த்துவிட்டு, "போன தடவை மணிதான் தெரிஞ்சுது கண்ணுங்களா, இதுல மணியடிச்சவளும் தெரியுறா" என்று சிரித்தார்கள்.

அன்புத் தோழியரே, காமிரா வாங்குமுன் எத்தனை மெகாபிக்சல் என்று கேட்கிறோம். இனி படமெடுக்குமுன் இன்னொன்றும் கேட்போம்: இதில் யாருடைய முகம் இருளில் இருக்கிறது? அவருக்காக ஒரு படி ஒளியைக் கூட்டுவோமாக. ஒளியைப் படைத்த இறைவன் அதை எல்லார் மேலும் ஒன்றுபோலவே பொழிகிறார் அல்லவா!