ஓசுன் தோப்பும் அரங்கத் தீவும்

உலகப் பாரம்பரியச் சின்னங்களை யுனெஸ்கோ நிறுவனம் பண்பாடு சார்ந்தவை, இயற்கை சார்ந்தவை, இரண்டும் கலந்தவை என மூவகையாகப் பிரிக்கிறது. எனினும் ஆற்றைத் தெய்வமாகப் போற்றி அதன் கரையில் ஊர் சமைத்த மக்களின் வாழ்வில் இந்தக் கோடுகளை இழுப்பது எளிதன்று. மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜீரியாவில், ஒசோக்போ நகரின் விளிம்பில் 75 ஹெக்டேர் அளவில் எஞ்சி நிற்கும் ஓசுன் புனிதத் தோப்பு இதற்குத் தக்க சான்றாகும். யொரூபா மக்கள் வழிபடும் ஓசுன் என்னும் ஆற்றுத்தெய்வத்துக்கு உரிய அக்காட்டினுள் கோயில்களும் சிற்பங்களும் உள்ளன. அவை சிதைந்து வந்த காலத்தில், ஆஸ்திரியாவில் பிறந்த கலைஞர் சூசன் வெங்கர் உள்ளூர்ச் சிற்பிகளோடு சேர்ந்து அவற்றைப் புதுப்பித்ததுடன் காட்டையும் அழிவிலிருந்து காக்கப் பாடுபட்டார். 2005இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற அத்தோப்பு, மனித வாழ்வும் இயற்கையும் ஒன்றையொன்று உருவாக்கிய இடத்தைக் குறிக்கும் ‘பண்பாட்டு நிலப்பரப்பு’ என்னும் வகையில் வைத்து எண்ணப்படுகிறது.

அந்த வகைக்குத் தமிழகத்தில் ஓர் இடம் தேடினால், திருச்சிராப்பள்ளிக்கு வடக்கே உள்ள திருவரங்கத்தையே முதலில் சுட்ட வேண்டும். முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிந்து வடக்கே ஓட, காவிரி தெற்கே ஓட, இரண்டுக்கும் இடையில் கிடக்கும் தீவில் 156 ஏக்கர் பரப்பில் ஏழு திருச்சுற்றுகளோடு அரங்கநாதர் கோயில் விரிந்திருக்கிறது. உட்சுற்றுகள் நான்கும் வழிபாட்டுக்கு உரியவை. உத்திர வீதி, சித்திரை வீதி, அடையவளைந்தான் என்னும் வெளிச்சுற்றுகளில் வீடுகளும் கடைகளும் உள்ளதால், கோயில் மதிலுக்கு உள்ளேயே ஓர் ஊர் வாழ்கிறது. தைத் தேர் உத்திர வீதியிலும் சித்திரைத் தேர் சித்திரை வீதியிலும் ஓடுவதனால் அந்த வீதிகளின் அகலமே திருவிழாவுக்காகக் காக்கப்பட வேண்டிய பாரம்பரியமாகிறது. 236 அடி உயர ராஜகோபுரத்தைக் கண்டு வியப்போர் பலர். பல நூற்றாண்டுகள் முற்றுப்பெறாமல் நின்று 1987இல்தான் அது நிறைவெய்தியது என்பதும், அக்கோயில் இன்னும் வளர்ந்துகொண்டிருப்பதையே அது காட்டுகிறது என்பதும் அதே அளவு கவனத்துக்கு உரியவை.

ஆற்றுக்கும் வழிபாட்டுக்கும் உள்ள உறவு இங்கு மிகப் பழையது. காவிரியின் தென்கரையில் எழும் திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டில் குடைவித்த மேல்குகைக் கோயிலின் வடமொழிக் கல்வெட்டு, ஆறுகளை விரும்பும் சிவன் காவிரியின்மீது மனம் வைத்துவிடுவானோ என அஞ்சிய உமையவள், தந்தையின் குடியை விட்டு இம்மலையிலேயே தங்கி, இந்நதி பல்லவனுக்கு உரியவள் என்று சொல்லிக்கொண்டிருப்பதாகக் கற்பனை செய்கிறது. அரசன் தன் ஆட்சியுரிமையைக் கூறவும் ஆற்றின் அழகையே துணைக்கொண்டான் என்பது எண்ணி மகிழத்தக்கது. இன்றும் ஆடி மாதத்தில் அரங்கநாதரின் உற்சவரான நம்பெருமாள் காவிரிக் கரையிலுள்ள அம்மா மண்டபத்துக்கு எழுந்தருள, அவர் சார்பில் காவிரித் தாய்க்குப் பட்டுப்புடவையும் மங்கலப் பொருள்களும் சீராக ஆற்றில் விடப்படுகின்றன. ஏறத்தாழ இதே பருவத்தில், ஆகஸ்டு மாதத்தில், ஒசோக்போ மக்களும் ஓசுன் ஆற்றங்கரைக்குக் காணிக்கையோடு ஊர்வலமாகச் செல்கின்றனர்.

திருவரங்கம் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில், அதாவது முழுத் தகுதிக்குக் காத்திருப்போர் வரிசையில், உள்ளது. கோயிலில் நடந்த சீரமைப்புப் பணிக்கு 2017இல் அந்நிறுவனத்தின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருதும் கிடைத்தது. கல்லையும் சுதையையும் காப்பதில் பெற்ற இத்தேர்ச்சி பெருமைக்குரியதே. ஆனால் கோபுரங்களை மட்டும் சுற்றி எல்லை வகுத்தால், இத்தலத்தைத் தீவாக்கிய ஆறுகள் அந்த எல்லைக்கு வெளியே போய்விடும். அவ்வாறுகளும் காக்கப்பட வேண்டியவையே: 2018 ஆகஸ்டில் பெருவெள்ளத்தின்போது முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே இருந்த மேலணையின் ஒன்பது மதகுகள் உடைந்தன. ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836இல் எழுப்பிய அவ்வணைதான் இரு கிளைகளுக்கும் நீரைப் பங்கிட்டு வந்தது. ஆகவே காப்பு வளையம், அதாவது சின்னத்தைச் சூழ்ந்து கட்டுப்பாடுகளோடு காக்கப்படும் பகுதி, வகுக்கப்படும்போது முக்கொம்பிலிருந்து அம்மா மண்டபம் வரையிலான ஆற்றங்கரையும், மேலூரில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா அமைந்த காட்டுப் பகுதியும், வெளிச்சுற்று வீதிகளின் பழைய வீட்டு வரிசைகளும் அதனுள் இடம்பெறுவதே முறையாகும்.